வெள்ளைக் கரை போட்ட பூ

சனிக்கிழமைக்கு அறை தர முடியாதம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். சீசன் நேரத்தில் ஓர் அறையைச் சும்மா பூட்டி வைப்பார்களா, இந்த அம்மாவுக்கு என்ன பைத்தியமா என்று உங்கள் வீட்டுக்காரர் காலையில் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அவர் சொன்னது நியாயம்தான். மே மாதத்தில் குன்னூரில் கோழிக்கூண்டைக்கூட வாடகைக்குக் கேட்கிறார்கள். ஆனால் சனிக்கிழமை என் வீட்டுக்காரருடைய மகள் வருகிறாள். 'என் மகள்' என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? எனக்குப் பிறக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், கேட்கத் தயங்கிக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டாம். அவருடைய முதல் சம்சாரம் பெற்ற பெண். பெனிட்டா என்று பேர். ஓசூரில் கம்ப்யூட்டர் வேலை.

அவளுக்காக அறையை ஒழிக்கவில்லை. அந்தக் கட்டில் ஆடுகிறது, ஆணி அடிக்க வேண்டும். திரைச்சீலை துவைக்க வேண்டும். அவள் வருகிற நாளும் அதுவும் ஒன்றாக வந்துவிட்டது, அவ்வளவுதான்.

டீ ஆறுகிறது, குடியுங்கள். இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறேன். மலை ஏறின குமட்டலுக்கு இதைவிட மருந்து கிடையாது. உங்கள் ஆட்கள் ஊர் சுற்றிவிட்டுச் சாயங்காலம்தானே திரும்புவார்கள், அதுவரை தனியாகப் படுத்துச் சுவரைப் பார்ப்பானேன்? இங்கேயே உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஜன்னலை மறைக்கும். செடிக்கு வெளிச்சம் வேண்டும்.

ஆமாம், ஆப்பிரிக்கன் வயலட் என்பார்கள். நாங்கள் வெறுமனே வயலட் என்போம். தொடாதீர்கள். பூனைக்காது மாதிரி மெத்தென்று இருக்கிறதில்லையா, வருகிறவர்கள் எல்லாரும் தடவிப் பார்க்கத்தான் கையை நீட்டுகிறார்கள். அதற்குப் பிடிக்காது. மேலே தண்ணீர் விட்டாலும் பிடிக்காது, புள்ளி விழுந்து அழுகும். கீழே தட்டில் ஊற்றினால் தனக்கு வேண்டியதை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். ரோஷக்காரச் செடி.

அந்தக் கடைசித் தொட்டியா? ஊதாப் பூ, ஓரத்தில் வெள்ளைக் கரை. அழகுதான், யார் இல்லை என்றார்கள். பேரை மட்டும் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. அந்தத் தொட்டியால்தான் இத்தனை வயிற்றெரிச்சலும்.

இதெல்லாம் ஹெலன் டீச்சர் வைத்த செடிகள். ஹெலன் டீச்சர்தான் அவருடைய முதல் சம்சாரம். கான்வென்ட்டில் சயின்ஸ் டீச்சர். நான் எட்டாவது பாதியில் நின்றவள். புற்றுநோயில் அந்த அம்மா போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் கழித்து என்னைக் கட்டிக்கொண்டார். நான் வந்தபோது இந்த ஜன்னல் நிறையத் தொட்டி. தொட்டிக்கு ஒரு ஐஸ் குச்சி, குச்சியில் இங்கிலீஷில் பேர். வயலட்டில் ஆயிரக்கணக்கில் ஜாதி இருக்கிறதாம், ஒவ்வொன்றுக்கும் ஞானஸ்நானம் பண்ணின மாதிரி ஒரு பேராம். வரிசையாகக் குச்சி நட்டுப் பேர் எழுதினால் பார்க்க எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். கல்லறைத் தோட்டம் மாதிரி இருக்காதா? கல்யாணமாகி வந்தவள் காலையில் கண் விழித்ததும் அதிலா விழிப்பது? வீட்டைக் கழுவித் துடைத்தபோது குச்சியை எல்லாம் பிடுங்கி அடுப்பில் போட்டேன். செடியை விட்டுவைத்தேன். அதை யாரும் சொல்வதில்லை. செடியையும் தூக்கிப் போட்டிருக்கலாம், கேட்க ஆள் கிடையாது.

பெண்ணா? பெண்ணை நான் அனுப்பவில்லை. தாய்மாமன் வந்து திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சின்னப் பிள்ளை அப்போது, மூன்றாம் வகுப்பு. நான் போ என்று சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை, வாஸ்தவம். புதுசாக வந்தவள் என்ன சொல்ல முடியும்? வீடு சின்னது, இந்தக் குளிரில் பிள்ளைக்கு இளைப்பு வருகிறது, பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியாது என்றேன். உள்ளதைத்தானே சொன்னேன்?

லீவுக்கு வருவாள். வந்தால் அப்பாவோடு பேசுவாள். என்னை முறை சொல்லி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. 'அப்பாகிட்ட சொல்லுங்க.' 'வெந்நீர் இருக்கா?' சித்தி என்று ஒரு வார்த்தை இருக்கிறது, சொன்னால் நாக்கு தேய்ந்தா போகும்? நான் ஒன்றும் ஏங்கவில்லை. கவனித்தேன், அவ்வளவுதான். அப்புறம் லீவுக்கு வருவதும் நின்றது.

செடி நிற்குமா? அதற்குத் தினமும் வேளைக்குத் தண்ணீர். இந்த வயலட்டு ஓர் ஆயுசுக்கு இருக்கிற மரமில்லை அம்மா. தண்டு முற்றி, கழுத்து நீண்டு, ஒரு நாள் சாய்ந்துவிடும். சாயுமுன் ஓர் இலையைக் கிள்ளி மண்ணில் செருக வேண்டும். அடியில் குட்டி குட்டியாக முளைக்கும். அதைப் பிரித்து வேறு தொட்டி. அது கிழமானால் அதிலிருந்து ஓர் இலை. இப்படி இலைக்கு இலையாக இருபது வருஷத்துக்கு மேல் கொண்டுவந்திருக்கிறேன். டீச்சர் வைத்த செடி என்று சொல்கிறேனே தவிர, அந்த அம்மா கை பட்ட தண்டு எதுவும் இதில் இல்லை. மண்கூட நான் அள்ளினது.

ஏன் செய்தேன் என்றால்? அவருக்காகத்தான். அவர் இந்த ஜன்னல் பக்கமே வரமாட்டார், அது வேறு விஷயம். பேப்பரை எடுத்துக்கொண்டு முதுகைத் திருப்பி உட்காருவார்.

கடைசியில் அவரும் படுக்கையில் விழுந்தார். பக்கவாதம். அந்த வருஷம் அவரைப் புரட்டிப் போடுவேனா, செடியைப் பார்ப்பேனா? பாதித் தொட்டி செத்துப்போயிற்று. எது செத்தது எது பிழைத்தது என்று யார் பார்த்தது. அவர் போன பிறகு மிச்சத்தை மீட்டு வைத்தேன்.

இந்த ஜனவரியில் அவருக்கு முதல் வருஷ நினைவு ஜெபம். அதற்குத்தான் பெனிட்டா வந்தாள். சாமியார் போய், உறவுக்காரர்கள் போய், பாத்திரம் எல்லாம் கவிழ்த்த பிறகு இந்த ஜன்னலிடம் வந்து நின்றாள்.

"அம்மா செடில ஒண்ணு நான் எடுத்துட்டுப் போகவா?"

"எடுத்துட்டுப் போ. எல்லாமே உங்கம்மாவுதுதான்" என்றேன். குத்தலாகச் சொன்னேன். அவளுக்கு உறைக்கவில்லை.

"எல்லாம் வேணாம். அந்த ஊதாப் பூச் செடி. ஓரத்துல வெள்ளையா கரை இருக்கும், சட்டைல வெள்ளை நூல் வச்சுத் தச்ச மாதிரி. அதைக் காட்டித்தான் அம்மா எனக்குச் சோறு ஊட்டுவாங்க. பூவைச் சுத்தி ரோடு போட்டிருக்கு பாரு, ஒரு வாய் வாங்கினா ஒரு ரவுண்டுன்னு."

அப்படி ஒரு பூவை நானும் பார்த்திருக்கிறேன். வருஷா வருஷம் இந்த ஜன்னலில் பூக்கும். ஆனால் எந்தத் தொட்டி? ஜனவரிக் குளிரில் எல்லாம் சுருண்டு உட்கார்ந்திருந்தன, ஒன்றில்கூடப் பூ இல்லை. பூ இல்லாவிட்டால் எல்லாம் ஒரே ஜாடை. குச்சி இருந்தால் தெரிந்திருக்கும் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் தொட்டி தொட்டியாக மண்ணைக் கிளறிப் பார்த்தாளே, எதைத் தேடினாள்? எனக்குப் புரியாதா?

"பூத்தாத்தான் தெரியும்" என்றேன்.

"எப்பப் பூக்கும்?"

"அதுங்கிட்டயே கேளு."

"சரி, அப்ப பூக்கிற வரைக்கும் இருக்கேன். வேலையை இங்கருந்தே பாத்துக்கலாம்."

பார்த்தீர்களா? இருக்கட்டுமா என்று கேட்கவில்லை. இருக்கேன் என்று அறிவிப்பு. இத்தனை வருஷம் பெற்ற அப்பனுக்காக ஒரு வாரம் சேர்ந்தாற்போல் இருக்காதவள், ஒரு பூவுக்காக மாசக்கணக்கில் இருக்கிறாளாம். எனக்கு எப்படி இருக்கும்?

இருந்தாள். முன்னறையில் மேஜையைப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டரில் யார் யாரோடோ பேசுவாள். நான் பின்னால் போனால் அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியுமாம். ஒரு நாள் துடைப்பத்தோடு குறுக்கே போய்விட்டேன். யாரு அது என்று எவனோ கேட்டான். "எங்க வீட்ல இருக்கறவங்க" என்றாள். கேட்டீர்களா? எங்க வீட்ல. இருக்கறவங்க. வேலைக்காரி என்று நேராகவே சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு அவள் பேசுகிற நேரத்தில் நான் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டுதான் அந்தப் பக்கம் போனேன்.

இன்னொரு நாள் அடுப்படியிலிருந்து குரல் கொடுக்கிறாள், "சித்தி, உப்பு எங்க?" என்று. கை அப்படியே நின்றுபோயிற்று. இருபது வருஷம் கழித்து வாய் வருகிறது, அதுவும் உப்புக்கு! மனுஷியைக் கூப்பிடத் தோன்றவில்லை, உப்பு வேண்டும் என்றதும் தோன்றுகிறது. "மேல் தட்டுல" என்று சொல்லிவிட்டு, மறுநாள் உப்பு ஜாடியை அங்கிருந்து எடுத்து உள் அலமாரியில் வைத்துவிட்டேன். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் இடத்தை மாற்றினேன். அலையட்டும் என்றுதான்.

பக்கத்து வீட்டு ரெஜினாவுக்கு வாய் சும்மா இருக்காது. வேலியில் சாய்ந்துகொண்டு, "ஏன்டி பாக்கியம், மூத்தா மகளுக்கு நாளைக்கு ஒரு பலகாரமாமே? எங்க வீட்டு வரைக்கும் நெய் வாசம் அடிக்குது" என்றாள்.

"அரிசி மாவு வண்டு விழுந்திரும்னு சுட்டேன்டி" என்றேன்.

"எல்லா டப்பாவிலயுமா வண்டு?" என்று சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும்.

செடிக் கதைக்கு வருகிறேன். அவள் இலையை வைத்துக் கழித்துக்கொண்டே வந்தாள். அவள் அம்மா செடிக்கு இலையின் அடிப்பக்கம் சிவப்பாக இருக்குமாம், வெற்றிலை போட்ட நாக்கு மாதிரி. அது ஞாபகம் இருக்கிறதாம். செல்போன் வெளிச்சத்தை அடித்து ஒவ்வோர் இலையாகத் தூக்கிப் பார்த்தோம். 'பார்த்தோம்' என்றால், நான் விளக்குப் பிடித்தேன், அவள் பார்த்தாள். அடி பச்சையாக இருந்ததெல்லாம் ஒதுங்கிற்று. இரண்டே தொட்டி மிச்சம். அதில் ஒன்று கொஞ்ச நாளில் ரோஜா நிறத்தில் பூத்தது. "இது இல்ல" என்றாள். ஆக ஒன்றுதான். அதில் அடியில் கடுகளவுக்கு மொட்டுக் கட்டியிருந்தது. இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம். "சித்தி, இதுதான்! இதுவாத்தான் இருக்கும்!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவளுக்கு இன்னும் எலும்பாகத்தான் இருக்கிறது கை.

அந்தக் குளிரில் மொட்டு விரிய எத்தனை நாளாகும்? ராத்திரி உறைபனி விழுகிறது, புல் எல்லாம் காலையில் உப்புத் தூவின மாதிரி கிடக்கிறது. கண்ணாடிக்குப் பக்கத்தில் செடி நடுங்கிக்கொண்டு நிற்கிறது. எனக்கு ஒரு யோசனை. அடுப்படியில் விறகுப் பாய்லர் இருக்கிறது பாருங்கள், வெந்நீருக்கு. நாள் முழுக்கத் தணல் இருக்கும். அதற்கு மேலே உள்ள பலகையில் தொட்டியைத் தூக்கி வைத்தேன். கதகதப்பில் சீக்கிரம் பூக்கும். சீக்கிரம் பூத்தால் சீக்கிரம் கிளம்புவாள். அதற்காகத்தான் வைத்தேன். எனக்கு மட்டும் ஓர் ஆளுக்கு உலை வைத்துப் பழகிவிட்டது, இன்னொரு ஆள் இருந்தால் இடைஞ்சல்.

"நல்ல ஐடியா சித்தி" என்றாள் அவளும். அவளும்தான் சொன்னாள், நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

மொட்டு கிடுகிடுவென்று எழுந்தது. காலையில் பல் தேய்க்குமுன் இரண்டு பேரும் அங்கேதான் போய் நிற்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்படுகிற நேரம் பார்த்து விரிந்தது.

ஊதா. வெறும் ஊதா. ஓரம்வரை ஊதா. கரையும் இல்லை, கோடும் இல்லை.

அவள் பூவை விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டாவது மொட்டும் விரியட்டும் என்று இரண்டு நாள் பொறுத்தோம். அதுவும் அப்படியே. நான் என்ன நினைத்தேன், அவர் படுக்கையில் கிடந்த வருஷம் செத்த தொட்டிகளில் அதுவும் போயிருக்கும் என்று நினைத்தேன். வாயைத் திறந்து சொல்லியும்விட்டேன். "உங்கப்பாவைப் பாத்த வருஷம் பாதி போச்சு. அதுல அதுவும் போயிருக்கும்."

"ஒரு இலை எடுத்து வச்சிருக்கலாமே."

"எது எதுன்னு யாருக்குத் தெரியும்?"

"பேர் இருந்தா தெரிஞ்சிருக்கும்." அன்றைக்குத்தான் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். அப்புறம் வந்தது பாருங்கள்: "அம்மாவோடதுன்னு ஒண்ணுகூட இந்த வீட்ல நீங்க மிச்சம் வைக்கலை இல்ல? எல்லாத்தையும் தூக்கிப் போட்டாச்சு. என்னையும் சேத்து."

நான் சும்மா இருந்திருக்க வேண்டும் என்கிறீர்களா? உங்களை ஒருத்தி அப்படிக் கேட்டால் சும்மா இருப்பீர்களா? "உங்கப்பாவை மிச்சம் வச்சேனே" என்றேன். "மலமும் மூத்திரமும் அள்ளி அள்ளி மிச்சம் வச்சேன். அதைப் பாக்க நீ எத்தனை தரம் வந்தே? செத்தவ செடிக்கு அழ வந்துட்டா, பெருசா."

அவள் பெட்டியைக் கட்டினாள். காலைப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். டப்பாவில் போட்டு வைத்திருந்த அச்சு முறுக்கு மேஜையிலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு போகவில்லை. திமிர்.

நான் அந்தத் தொட்டியைத் தூக்கி வெளிப்பக்கத்துத் திண்டில், பனியில் வைத்தேன். சாகட்டும் என்றுதான். ஆனால் காட்டெருமை வருகிறது இந்தத் தெருவுக்கு, மிதித்துத் தொலைத்தால் தொட்டி வீண். அதனால் சாயங்காலமே உள்ளே எடுத்து ஜன்னலில் பழைய இடத்தில் வைத்தேன். பூத்ததெல்லாம் உதிர்ந்தது. மார்ச்சில் மறுபடி மொட்டு. நான் அக்கறை எடுக்கவில்லை. தண்ணீர் மட்டும் ஊற்றினேன்.

விரிந்தது. ஓரத்தில் வெள்ளைக் கரை.

அதே செடி. அதே தொட்டி, விளிம்பு உடைந்த தொட்டி, மாறிப்போக வழியே இல்லை. முதலில் கண்ணில் நீர் கோத்திருக்கிறது, அதனால்தான் அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன். கண்ணாடி போட்டுப் பார்த்தேன். கரைதான். பூவைச் சுற்றி வெள்ளையாக ரோடு போட்ட மாதிரி. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன். இதை டீச்சருக்குப் பிறகு உயிரோடு வைத்திருந்தவள் நான்தானே? பேர் தெரியாமல், எது என்று தெரியாமல், இத்தனை வருஷமும் வைத்திருந்திருக்கிறேன். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டவளாம்!

ஈஸ்டருக்கு அவளுக்குப் போன் போட்டேன். வருஷா வருஷம் போடுவேனா என்றால் இல்லை. முதலில் வாழ்த்து, அப்புறம் உடம்பு, அப்புறம் பூ என்று மனசுக்குள் வரிசை கட்டி வைத்திருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"சித்தி, அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மனசுல வச்சுக்காதீங்க."

பார்த்தீர்களா, எவ்வளவு சுருக்கமாக முடித்துவிட்டாள்? இரண்டு மாசம் என் தூக்கம் போனதற்கு ஒரு வரி.

"அதெல்லாம் வச்சுக்க இங்க இடம் ஏது" என்றேன். "இதப் பாரு, நான் ஒண்ணு..."

"இருங்க இருங்க, நான் மொதல்ல சொல்லிர்றேன். அம்மா பூ கிடைச்சிருச்சு சித்தி! பெங்களூர்ல ஒரு நர்சரில. பேர் போட்ட செடி. அதே கரை. பாத்ததும் கடைலயே நின்னு அழுதுட்டேன். ரெண்டு வாங்கினேன்."

நான் என்னத்தைச் சொல்வேன்? கடைக்காரன் செடிக்கு அழுதாயிற்று. முன்பின் தெரியாதவன் வளர்த்தது, ரசீது போட்டுக் கொடுத்தது, அதற்கு அழுதாயிற்று. இனி என் ஜன்னலில் பூத்திருப்பதற்கு அவளிடம் என்ன மிச்சம் இருக்கும்? ரெஜினா வீட்டுத் தோட்டத்தில் பூத்த மாதிரி, "அப்படியா, நல்லது" என்பாள்.

அவள் பேசிக்கொண்டே போனாள். "அந்த நர்சரிக்காரர் ஒண்ணு சொன்னாரு சித்தி. இதைச் சூட்டுல வைக்கக் கூடாதாம். சூடு பட்டா கரை மறைஞ்சிருமாம், வெறும் ஊதாவாத்தான் பூக்குமாம். குளிர்ச்சி இருந்தாத்தான் வெள்ளை வருமாம்." அப்புறம் குரல் இறங்கிற்று. "சித்தி... பாய்லர் மேல வச்சோமே, அந்தத் தொட்டி இருக்கா?"

"தூக்கிப் போட்டுட்டேன்" என்றேன்.

ஏன் என்று கேட்காதீர்கள். வாயில் வந்தது. "எப்ப?" என்றாள். "நீ போன அன்னைக்கே" என்றேன். எல்லாவற்றையும் தூக்கிப் போடுகிறவள் என்று அவள்தானே எனக்குப் பேர் வைத்தாள்? வைத்த பேருக்குத் தகுந்த மாதிரி இருந்துவிட்டுப் போகிறேன்.

அழுவாள், கத்துவாள் என்று பார்த்தேன். "பரவால்ல சித்தி" என்றாள். "ரெண்டு வாங்கினேன்ல, ஒண்ணு உங்களுக்குத்தான். மே மாசம் வரேன், நானே கொண்டாந்து வைக்கிறேன். அந்த ஜன்னல்ல அது இருக்கணும்."

எனக்கே கொண்டுவருகிறாள் அம்மா. என் ஜன்னலுக்கு. இருபது வருஷம் இலைக்கு இலையாகக் காப்பாற்றினவளுக்குப் பெங்களூரிலிருந்து ஒரு தொட்டி வருகிறது, சனிக்கிழமை, பேர் எழுதின குச்சியோடு.

அவளிடம் இதைக் காட்டிவிடுங்கள் என்கிறீர்கள். நீங்கள் நல்ல மனசில்தான் சொல்கிறீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். காட்டினால் பொய் சொன்னது தெரியும். அதற்கு நான் பயப்படவில்லை, மன்னித்துவிடுவாள், அவளுக்கு அது சீக்கிரம் வருகிறது. அப்புறம் தொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்வாள் பாருங்கள், 'அம்மா செடி' என்று. அதைத்தான் என்னால் கேட்க முடியாது. யார் மண் போட்டது, யார் தட்டில் தண்ணீர் ஊற்றினது, யார் இலை கிள்ளி நட்டது? ஒன்றும் கணக்கில் வராது. அந்த வெள்ளைக் கரை இருக்கிற வரைக்கும் இது ஹெலன் டீச்சருடைய செடி. கரை இல்லாமல் பூத்தால் இதை யாரும் தேடி வரமாட்டார்கள். வெறும் ஊதா. பேர் கிடையாது, ஊர் கிடையாது. அப்போதுதான் இது என்னுடையது.

'தேடி வரமாட்டார்கள் என்றால் அவளும்தானே வரமாட்டாள்' என்றா கேட்கிறீர்கள்? அவள்தான் சனிக்கிழமை வருகிறாளே. கொண்டுவந்து வைப்பாள், பார்ப்பாள், போவாள். அடுத்த தடவை வருவதும் வராததும் அவள் இஷ்டம். நான் யாரையும் பிடித்து வைக்கவில்லை, அப்போதும் சரி, இப்போதும் சரி.

கொஞ்சம் கையை நீட்டுங்கள். விரிந்ததை எல்லாம் கிள்ளித் தருகிறேன். முகத்தைச் சுளிக்காதீர்கள், பூதானே. கீழே போட்டால் பெருக்கும்போது என் கண்ணில் படும், அதனால்தான் உங்கள் கையில் தருகிறேன். உங்கள் பெண்பிள்ளை வந்தால் விளையாடக் கொடுங்கள். மோந்து பார்க்காதீர்கள், வயலட்டில் வாசனை கிடையாது. இந்தாருங்கள், இதுவும். இதோ இந்த மொட்டெல்லாம் சனிக்கிழமைக்குள் விரியும், இதை இப்போதே உள்ளே கொண்டுபோய் வைத்தால்தான் சரியாக இருக்கும்.

எழுந்திருக்கிறீர்களா? அப்படியே ஓர் எட்டுப் போய், பாய்லரில் தணல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.